குட்டி யானைச் சம்பவம்

பழவேற்காட்டுச் சாலை நகரத்தோடு சேர்ந்துவிட்ட செய்தி வேதாசலத்துக்கு ஒரு கம்பத்தின் உருவில் வந்தது. ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் பஞ்சர் கடையைத் திறக்கும்போது, எதிரே சின்னப் பாலத்தை ஒட்டி நான்கு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அங்கே பனைமர உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் நின்றது. உச்சியில் கேமரா, நடுவில் ஒலிபெருக்கி, இடுப்பு உயரத்தில் பூட்டு போட்ட நீலப் பெட்டி. இது எதற்கு என்று வேதாசலம் கேட்டதற்கு, தங்களுக்குக் குழியைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றார்கள் தோண்டியவர்கள்.

வேதாசலம் காட்டூர்க்காரர். ஐம்பத்து மூன்று வயது. காட்டூரைத் தாண்டி, தோணிரேவுக்குப் பாதை பிரிகிற இடத்தில் பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருந்தார். அங்கே சாலை ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் ஏரிச் சேறு. இறங்கினால் முழங்கால்வரை உள்ளே வாங்கிவிடும். அதனால் நடுவே ஒரு வண்டி படுத்துவிட்டால் பஸ் நின்றுவிடும், இறால் ஏற்றிய வண்டிகள் நின்றுவிடும், பொன்னேரி காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அப்படி ஆனால் வேதாசலம் ஜாக்கியையும் தாம்புக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போவார். தோணிரேவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஓடி வருவார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி எழுந்துவிடும். இதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவர்கள் யாரும் நினைத்ததில்லை.

இதன் பெயர் சம்பவ மேலாண்மை என்பதும், இத்தனை வருடமும் அதைத் தப்பாகவே செய்து வந்திருக்கிறார்கள் என்பதும் அடுத்த வாரம் தெரியவந்தது.

அடுத்த வாரம் கம்பத்துக்குத் திறப்பு விழா. பந்தல் போட்டு, கம்பத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெருநகரச் சாலைச் சம்பவத் தகவல் மையத்தின் இணை இயக்குநர் கமலக்கண்ணன் வந்திருந்தார். அவர் கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்று மையத்துக்குள் போவதற்கு, இன்னொன்று வெளியே வருவதற்கு என்று பிறகு தெரிந்தது.

"நேற்றுவரை நீங்கள் கிராமம். இன்று முதல் நீங்கள் மண்டலம் பதினேழு," என்று அவர் பேச்சைத் தொடங்கினார். "நேற்றுவரை இங்கே ஒரு விபத்து நடந்தால் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாமல் நீங்கள் எத்தனை விபத்துகளை அனுபவித்திருப்பீர்கள் என்று நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. இனி அந்த நிலை இல்லை. உங்கள் வண்டி கவிழ்ந்த மறு நொடியே, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஆறாவது மாடியில், ஒரு பெரிய திரையில் அது சிவப்பாகத் தெரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். தோணிரேவு ஊர்த்தலைவர் சகாதேவன் மட்டும் எழுந்து, தெரிந்த பிறகு யார் வந்து தூக்குவார்கள் என்று கேட்டார். இணை இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தூக்குவது ஐந்தாவது படி என்று விளக்கினார். அறிதல், உறுதிசெய்தல், வகைப்படுத்தல், பகிர்தல், அதன் பிறகே அகற்றுதல், கடைசியாக மூடுதல். நம் நாட்டில் எல்லோரும் எடுத்த எடுப்பில் ஐந்தாவது படிக்குப் போய்விடுவதுதான் பிரச்சினை என்றார்.

வேதாசலம் அன்றே மண்டலம் பதினேழின் 'சம்பவ நண்பர்' ஆக்கப்பட்டார். அவர் கேட்கவில்லை. கேமராவில் அவர் கடை விழுந்ததால் அவரும் திட்டத்தில் விழுந்துவிட்டார். ஒளிரும் ஆரஞ்சு மேலங்கி ஒன்று கொடுத்தார்கள். மையத்தின் பொறியாளர் சுதா, இருபத்தாறு வயதுப் பெண், அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. உறுதிசெய்யப்படாத சம்பவத்தின் மேல் கை வைக்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாம்பார் சாதம் போட்டு அனுப்பினார்கள்.

முதல் இரண்டு மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சாலையோரம் காயப்போட்ட வலையைக் கேமரா "அடையாளம் தெரியாத படர்ந்த பொருள்" என்று அறிந்தது. வலைக்காரர் வந்து சுருட்டிக்கொண்டு போனதும் "பொருள் தப்பிவிட்டது" என்று பகிர்ந்தது. ஒரு நாள் எருமைகள் குறுக்கே வந்தபோது ஒலிபெருக்கி, மாற்றுப் பாதையைப் பயன்படுத்தவும் என்று அறிவித்தது. பஸ் டிரைவர் இடது பக்கச் சேற்றைப் பார்த்தார். வலது பக்கச் சேற்றைப் பார்த்தார். பிறகு எருமைகள் போகும்வரை பீடி பிடித்தார்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை ஏழரை மணிக்கு அஸாருதீனின் வண்டி கவிழ்ந்தது.

அஸாருதீன் பழவேற்காட்டுக்காரன். முப்பத்தொரு வயது. ஏலம் முடிந்ததும் நண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போகிறவன். அவனுடையது எல்லோரும் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. சின்னப் பாலத்தில் எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கியவன், கரை வழுக்கி, வண்டியோடு பக்கவாட்டில் சாய்ந்தான். வண்டி சாலையை அடைத்துக்கொண்டு படுத்தது. வெளியே பாதி விழுந்தவனின் வலது கால் கதவுச் சட்டத்துக்கும் தாருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

வேதாசலம் ஜாக்கியோடு ஓடினார். பாதி வழியில் போட்டிருந்த மேலங்கி ஞாபகம் வந்தது. கையெழுத்து ஞாபகம் வந்தது. போனை எடுத்துச் செயலியைத் திறந்தார். கார், பஸ், லாரி, பைக், மற்றவை என்று கேட்டது. மற்றவை என்பதை அழுத்தியதும் மையத்திலிருந்தே ஒரு பெண் பேசினாள்.

"வாகன வகை?"

"குட்டி யானைம்மா."

கொஞ்ச நேரம் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"யானை நிற்கிறதா, படுத்திருக்கிறதா?"

"கவுந்து கெடக்குதும்மா. அடியில ஆளு மாட்டினுகிறான்."

"யானைக்கு அடியிலா?"

"ஆமாம்மா. சீக்கிரம் சொல்லும்மா, தூக்கட்டுமா?"

"நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?"

"பக்கத்துலதான். கை வெச்சினுதான் நிக்கிறேன்."

"தயவுசெய்து யானையின் மேலிருந்து கையை எடுங்கள்," என்றாள் அந்தப் பெண். குரலில் உண்மையான பதற்றம் இருந்தது.

அழைப்பு மையத்தின் வன உயிர்ப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அங்கே ஒருவர், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும்படியும், பட்டாசு வெடிக்க வேண்டாம் என்றும், குட்டி இருந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கும், சுற்றிலும் பார்க்கும்படியும் சொன்னார். வேதாசலம் தன்னையறியாமல் ஒரு தடவை ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டார். பிறகு, சார் இது வண்டி, நாலு சக்கரம் வெச்ச வண்டி என்றார். அப்படியானால் வகையை மாற்ற வேண்டும், வகையை மாற்ற முதல் பதிவை மூட வேண்டும், மூடுவதற்கு முதலில் யானையை அகற்ற வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

தோணிரேவிலிருந்து சகாதேவனும் ஆட்களும் வந்து நின்றார்கள். அவர்களும் அந்தத் தாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். எல்லோரும் வேதாசலத்தையே பார்த்தார்கள். அவர் போனைக் காதில் வைத்தபடி நின்றார். பதினோரு நிமிடம் போயிற்று.

"வேதாண்ணே," என்றான் கீழே கிடந்த அஸாருதீன். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் இப்போது மெதுவாகப் பேசினான். "கால் இருக்கிறதே தெரியலண்ணே."

வேதாசலத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலங்கியைக் கழற்றித் தாரில் போட்டார். போனை அதன் மேல் வைத்தார். வன உயிர்ப் பிரிவு அதற்குள்ளிருந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. ஜாக்கியைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கம்பத்து ஒலிபெருக்கி, சம்பவ நண்பர் சம்பவத்தைவிட்டு விலகவும் என்றது. பதினைந்து பேர் தோள் கொடுத்தார்கள். அஸாருதீனை உருவி எடுத்து, ஷேர் ஆட்டோவில் பொன்னேரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியை நிமிர்த்தி வேதாசலம் கடையோரம் தள்ளி வைத்தார்கள். எட்டு மணிக்குப் பஸ் போயிற்று.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருக்கிறது, சதை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் அரை மணி நேரம் ஆகியிருந்தால் காலைப் பற்றிப் பேச்சே இருந்திருக்காது என்றும் சொன்னார். நாலு நாள் வைத்திருந்து, கம்பி போட்டு, கட்டுப் போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் புண்ணைக் கழுவ வர வேண்டும் என்று அனுப்பினார்கள்.

அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மையத்தில் சம்பவம் 4417 முடியவில்லை. ஐந்தாவது படி இல்லாமல் ஆறாவது படி கிடையாது. அகற்றியவர்கள் அகற்றும் அதிகாரம் பெற்றவர்கள் இல்லை என்பதால், கணினியைப் பொறுத்தவரை குட்டி யானை சாலையிலேயே கிடந்தது. எல்லாருடைய போன் வரைபடத்திலும் அந்தச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் சிவப்பாக நின்றது. சிவப்பைப் பார்த்துக் காட்டூர் முனையில் இரும்புத் தடுப்பு வைத்து, இரண்டு காவலாட்களையும் நிறுத்தினார்கள். தடுப்பு வைத்ததால் வண்டிகள் வரவில்லை. வண்டிகளே வராததைக் கேமரா பார்த்து, சாலை முழுவதும் அடைபட்டிருப்பது உறுதி என்று தினமும் காலை ஆறு மணிக்கு அறிவித்தது.

பஸ் காட்டூரோடு திரும்பியது. நண்டு எடுக்க வருகிற வியாபாரிகள் சிவப்பைப் பார்த்துவிட்டு ஆரம்பாக்கம் பக்கம் போனார்கள். வேதாசலம் தினமும் மையத்துக்குப் போன் செய்து, ரோடு காலியாக இருக்கிறது என்றார். எந்தச் சம்பவத்தைப் பற்றி என்று கேட்டார்கள். யானை என்றால் வன உயிர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். வண்டி என்றால், அந்த இடத்தில் வண்டிச் சம்பவம் எதுவும் பதிவாகவில்லையே என்றார்கள்.

அஸாருதீன் வீட்டுக்கு வந்த மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவன் மனைவி பரீதா ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டாள். அதை எடுப்பவர்களும் மையத்தின் திரையைப் பார்த்துத்தான் வண்டி அனுப்ப வேண்டும்.

"மேடம், அந்த ரோட்டுல ஒரு விபத்து. அதை எடுத்த பிறகுதான் வண்டி வர முடியும். ஒருத்தர் அடியில மாட்டிக்கிட்டு இருக்கார்," என்றான் எடுத்தவன்.

"அந்த ஒருத்தருக்குத்தான் நான் கூப்பிடுறேன்," என்றாள் பரீதா.

"அவர் இன்னும் உள்ளதானே மேடம் இருக்கார்?"

பரீதா போனை வைத்துவிட்டாள். தோணிரேவு ஆட்கள் அஸாருதீனைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு தடுப்புவரை நடந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டோ பிடித்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான். மூன்றாவது தடவைக்குப் பிறகு சகாதேவனுக்கு மையத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அனுமதி பெறாமல் மூன்று இறுதி ஊர்வலங்கள் நடத்தியதற்கு விளக்கம் கேட்டு, இறந்தவர்களின் பெயர்களையும் கேட்டிருந்தார்கள். சகாதேவன் அதைப் பரீதாவிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டார். அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, இவங்கள நேர்ல பாக்கணும் என்றாள்.

வேதாசலமும் அவளும் பஸ், ரயில், பஸ் மாறி நகரத்துக்குப் போனார்கள். ஆறாவது மாடியில் பற்கள் கிட்டிக்கிற குளிர். சுவர் முழுக்கத் திரைகள். அதில் ஒன்றில் வேதாசலத்தின் பூட்டிய கடை தெரிந்தது. அதன் முன்னால் வெறும் சாலை, வெயில், படுத்திருக்கிற ஒரு நாய். நாயைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

"பாருங்கள், எவ்வளவு துல்லியம்," என்றார் இணை இயக்குநர்.

சார், ரோடு காலியாக இருக்கிறதே, உங்களுக்கே தெரிகிறதே என்றார் வேதாசலம். இணை இயக்குநர் புன்னகைத்தார். தன் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தன் கண் இந்த அமைப்போடு இணைக்கப்படவில்லை என்றார்.

"ஐயா, என் வீட்டுக்காரரு காலு சீழ் வெச்சிருக்கு," என்றாள் பரீதா. "ரோட்டத் தொறந்து விடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"உங்கள் வலி எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள், அம்மா. உங்கள் வலிக்காகத்தான் இவ்வளவு பெரிய திரை. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? மூட வேண்டுமென்றால் அகற்ற வேண்டும். அகற்றுவதற்கு அங்கே ஒன்று இருக்க வேண்டும். இல்லாத ஒன்றை அகற்றியதாக எழுதினால் அது மோசடி. இருபத்தெட்டு வருட சர்வீஸில் நான் ஒரு பொய்ப் பதிவுகூடச் செய்ததில்லை." அவர் கண்கள் லேசாகக் கலங்கின. "சம்பவத்தை எடுத்தது நீங்கள். நீங்களே அதை இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். நாங்கள் முறைப்படி வந்து எடுத்துக்கொள்கிறோம்."

வேதாசலம் காது அடைத்துக்கொண்டதோ என்று ஒரு கணம் நினைத்தார். வண்டியைக் கவிழ்க்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கவிழ்ப்பது என்ற சொல் வேண்டாம், மீளமைப்பது என்று சொல்லலாம் என்றார் இணை இயக்குநர். அதில் அஸாருதீனும் உண்டு, ஏனென்றால் பதிவில் 'நபர் ஒன்று, சிக்கிய நிலையில்' என்று இருக்கிறது.

லிஃப்ட்வரை கூட வந்த சுதா, வேறு வழி இருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள். கையால் மூட அனுமதி கேட்டு மூன்று தடவை எழுதியிருந்தாளாம். மூன்றும் அறிதல் என்ற நிலையிலேயே இருந்தன.

ஊரில் இதைச் சொன்னபோது முதலில் சிரித்தார்கள். பிறகு சகாதேவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அஸாருதீன்தான் சரி என்றான். "இங்க படுத்துனுதான இருக்கிறேன். அங்க படுத்தா இன்னா. ரோடு தொறந்தா சரி."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் சின்னப் பாலத்தில் கூடினார்கள். இணை இயக்குநர் வெள்ளைக் காரில் வந்து, காரைக் கடையோரம் நிறுத்தினார். மையத்து வன உயிர்ப் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு கட்டுக் கரும்போடு வந்திருந்தார். தம் கோப்பின்படி யானை ஏற்கெனவே காட்டுக்குத் திரும்பிவிட்டது, இருந்தாலும் உடன் இருக்கச் சொல்லி உத்தரவு என்றார்.

தோணிரேவு ஆட்கள் வண்டியைக் கவிழ்த்தார்கள். சுதா கையில் அன்று கேமரா பிடித்த படம் இருந்தது. இரண்டு அடி வடக்கே என்றாள். தள்ளினார்கள். நண்டுப் பெட்டி பதினாலு, அதில் மூன்று திறந்தது. வைத்தார்கள். அன்று தாரில் கிடந்தபடியே மேலங்கியும் அதன் மேல் போனும் வைக்கப்பட்டன. படத்தில் இடது ஓரம் நாய் நின்றது. நாயைத் தேடிப் பிடித்து, சகாதேவனின் மச்சான் அது உட்காராமல் வயிற்றுக்கடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அதுவரை சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருந்தது. கட்டிலில் வந்த அஸாருதீனை இறக்கி, கட்டுப் போட்ட காலைக் கதவுச் சட்டத்துக்கு அடியில் நீட்டி வைத்தபோது எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அவன் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பரீதா தலைமாட்டில் குடை பிடித்து நின்றாள். படத்தில் குடை இல்லை என்று அவளை நகரச் சொன்னார்கள்.

சட்டம் காலில் படாமல் இருக்க, வேதாசலம் இரண்டு பக்கமும் கருவேலங்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார். இணை இயக்குநர் குனிந்து பார்த்து, அந்தக் கட்டை அன்று இல்லையே என்றார்.

"கட்டைய எடுக்க மாட்டேன் சார்," என்றார் வேதாசலம்.

"ஒரு நிமிடம்தானே."

"மாட்டேன் சார்."

சத்தம் போடவில்லை. ஆனால் பதினைந்து பேரும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள். சுதா நடுவில் புகுந்து, படத்தில் அது நிழல் என்று விழும் சார் என்றாள். நிழலுக்கு ஆட்சேபணை இல்லை என்று இணை இயக்குநர் நிமிர்ந்தார்.

கேமரா அறிந்தது. சுதா உறுதிசெய்தாள். வகைப்படுத்தும்போது, யானை என்பதையே வைத்துக்கொள்வது நல்லது, மாற்றினால் புதிய சம்பவம் ஆகிவிடும் என்று முடிவாயிற்று. பகிர்ந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து, காட்டூர்த் தடுப்பை விலக்கிக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய மீட்பு வண்டி வந்தது. தலைக்கவசம் போட்ட இருவர் அஸாருதீனை வெளியே எடுத்தார்கள். கொக்கி இறங்கி, குட்டி யானையைத் தூக்கி, மறுபடி வேதாசலத்தின் கடையோரமே வைத்தது.

"அகற்றப்பட்டது," என்று இணை இயக்குநர் போனில் சொன்னார். "மூடுங்கள்."

எல்லாருடைய போனிலும் கோடு பச்சையானது. யாரோ கை தட்டினார்கள். பரீதா உடனே ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட, ரோடு பச்சையாக இருக்கிறது, இதோ வருகிறோம் என்றார்கள்.

அப்போது மீட்பு வண்டி திரும்பப் பின்னால் வந்தது. அந்தச் சாலையில் அவ்வளவு அகல வண்டி திரும்ப முடியாது என்று வேதாசலம் கையைக் காட்டுவதற்குள், அதன் பின் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கின. மூக்கு சாலைக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. பச்சையைப் பார்த்துவிட்டு இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பஸ் அதன் முன்னால் வந்து நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அஸாருதீன் இந்தப் பக்கம், ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்.

"சார், ரோடு அடைச்சினுக்குது," என்றார் வேதாசலம்.

இணை இயக்குநர் போனைக் காட்டினார். "பச்சை."

"சார், வண்டி குறுக்கால நிக்குது பாருங்க."

"அது சம்பவம் இல்லை. சம்பவத்தை அகற்ற வந்த வண்டி. மீட்பு வண்டியே சிக்குவதற்கு எங்களிடம் வகை கிடையாது. வகை இல்லாததை எப்படிப் பதிவது?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "தவிர, மீட்பு வண்டி வந்த நான்கு நிமிடத்தில் மூடியிருக்கிறோம். நாட்டிலேயே இதுதான் வேகம். இப்போது இதையும் திறந்தால் அந்த நான்கு நிமிடம் என்ன ஆகும்?"

சகாதேவன் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. ஆட்களைப் பெரிய வலைக் கயிறு கொண்டுவர அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த இணை இயக்குநர் முதன்முறையாகப் பதறினார். அதிகாரம் இல்லாதவர்கள் அகற்றுவதைக் கேமரா பார்த்தால் மறுபடி சிவப்பு. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சுதாவிடம், கேமராவைக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பும்மா என்றார்.

சுதா அவரை ஒரு கணம் பார்த்தாள். கையிலிருந்த டேப்லெட்டைத் தொட்டாள். கம்பத்து உச்சியில் கேமரா மெதுவாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

முதலில் அஸாருதீனைக் கட்டிலோடு தூக்கி, மீட்பு வண்டியின் மூக்குக்கு அடியில் குனிந்து கொண்டுபோய், ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பரீதா ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் சேர்ந்து அறுபது பேர், இரண்டு கயிறாகப் பிடித்து இழுத்தார்கள். வேதாசலம் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தார். இருபது நிமிடத்தில் மீட்பு வண்டி மீட்கப்பட்டது.

"இது எத்தினியாவது படி சார்?" என்றார் சகாதேவன், மூச்சு வாங்கிக்கொண்டே.

இணை இயக்குநர் கேமரா பார்க்கிற திசையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வன உயிர்ப் பிரிவுக்காரர் கரும்பை எல்லோருக்கும் ஒடித்துக் கொடுத்தார்.

அஸாருதீனுக்கு மறுபடி அறுத்துச் சுத்தம் செய்தார்கள். கால் தப்பியது. ஆனால் அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. மாசியில் அவன் மறுபடி வண்டி ஓட்டத் தொடங்கினான், பிரேக்கை மிதிக்க இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.

கேமராவைத் திருப்பி வைக்க யாரும் வரவில்லை. திருப்புவதற்கு எழுத்தில் உத்தரவு வேண்டும். ஏன் திரும்பியது என்று அதில் எழுத வேண்டும். அதனால் அது ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தது. மண்டலம் பதினேழில் ஒரு மாதம் சம்பவமே இல்லை. மூன்று மாதம் இல்லை. பங்குனியில், பெருநகரத்தின் சம்பவமில்லா முன்மாதிரிச் சாலை என்று பழவேற்காட்டுச் சாலைக்கு விருது அறிவித்தார்கள். விருதை இணை இயக்குநர் வாங்கிக்கொண்டார். தகவல் சரியாகப் பாய்ந்தால் விபத்து தானாகவே வெட்கப்பட்டு விலகிவிடும் என்று அவர் பேசியது பேப்பரில் வந்திருந்தது.

அதற்கு மறுநாள் சுதா வேதாசலத்துக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, நிஜமாகவே அங்கே எதுவும் நடப்பதில்லையா என்று கேட்டாள். வேதாசலம் யோசித்துச் சொன்னார். போன வாரம் மணல் லாரி ஒன்று. அதற்கு முன்னால் பள்ளிக்கூட ஆட்டோ, நல்ல வேளை பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. நேற்றுக்கூட ஒரு பைக். அவள் குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டார்.

"எழுதிடாதம்மா," என்றார். "எழுதினா ரோடு செவப்பாயிடும்."

சுதா எழுதுவதை நிறுத்தினாள். பிறகு, தன் அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும் பழவேற்காட்டுக்குப் பைக்கில் மீன் வாங்க வருவார், வேண்டாம் என்றால் கேட்பதில்லை என்றாள்.

"அண்ணா, உங்க நம்பரை அவர்கிட்டக் குடுத்து வைக்கட்டுமா?"

"குடும்மா," என்றார் வேதாசலம்.